அந்துப்பூச்சிக்கு ஒட்டிய தலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் பாதி நலம்.

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். "அங்க என்ன புதையலா இருக்கு?" என்று உன் மாப்பிள்ளை கீழேயிருந்து கேட்டார். "ஒரு தலையத் தேடுறேன்" என்றேன். மனிதர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று நீ போனில் சந்தோஷத்தில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நாம் சிறுவயதில் பிடித்த அந்தச் சின்ன அந்துப்பூச்சிக்கு உடலும் இறக்கையும் ஒரு குடும்பம், தலையிலுள்ள உணர்கொம்புகள் வேறொரு குடும்பம், எந்த வகைப்பாட்டிலும் அடங்காத புதுப் பேரினம், கட்டுரை திங்களன்று போகிறது, "உன் பேரத்தான் வைக்கப்போறேன், பாப்பா" என்றாய். இத்தனை வருடத்தில் புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்று குத்திக்காட்டும் உன் பூச்சியியல் துறைத்தலைவரின் வாயை அடைக்க வந்த பூச்சி. அண்ணா, அது புதுப் பேரினம் இல்லை. என் தும்மல்.

நினைவிருக்கிறதா, பின்சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி விளக்கு வைப்பாய். "போர்வையெல்லாம் பூச்சிக்கே எழுதி வச்சாச்சா? நான் எதப் போத்திக்கிறது?" என்பார் அப்பா. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத இந்தப் பூச்சி வந்து உட்கார்ந்தது: பால் அதிகமான டீயின் நிறம், இறக்கையின் குறுக்கே கருகினாற்போல ஒரு கோடு, ஓரத்தில் வெள்ளிக் குஞ்சம். "பட்டாம்பூச்சியப் பாக்க ஊரே இருக்கு. இதுகளப் பாக்க நாம ரெண்டு பேருதான்" என்றாய். என் கையெழுத்து பொடி என்பதால் நீ பிடித்து, காயவைத்து, ஊசியில் குத்திய பூச்சிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை. இதற்கு எழுதும்போது தும்மினேன், நூல்போன்ற கொம்புகளோடு தலை பறந்தது. நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். அழுதுகொண்டே, உடைந்துகிடந்த வேறொரு பூச்சியின் தலையை, சீப்புக் கொம்புகளோடு, பசைபோட்டு ஒட்டிவிட்டேன். நீ வந்து பார்த்து, "சீட்டு எவ்வளவு அழகா எழுதியிருக்க!" என்றாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அசல் தலை மறுநாள் வீடு பெருக்கும்போது கிடைத்தது. பரணிலிருந்த என் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் பஞ்சுக்குள் இருந்ததை இன்று எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். கட்டுரையை நிறுத்திவிடு. ஒரு மாதம் எனக்கு போன் செய்யாதே; திட்டுவதை எழுதி அனுப்பு. உன் குரலில் கேட்டால் தாங்கமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பாப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், மனம் வரவில்லை. திங்களுக்குள் தபாலும் சேராது. அதனால் மேலே எழுதிய எதையும் நீ படிக்கப்போவதில்லை. நாளை முதல் பஸ்ஸில் நானே வந்து, உன் எதிரில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். நீ திட்டி முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன். நான் வருவதை இங்கே வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.