கில்பட்டின் காது

ஜூட்டின் மகனுக்குக் கில்பட்டின் காது இருந்தது. அப்படியே அச்சு. ஞாயிறு பூசையில் கோயில் முன்வரிசை வாங்கில் அந்த விடைத்த காதுகளைக் கண்ட நாளிலிருந்து, கடலுக்குப் போகிற கில்பட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். பல வருசம் பிள்ளையில்லாமல் தவித்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து, அவனுக்கும் யூஜினிக்கும் ஒரு மகள் பிறந்தாள். மிச்சமாக உறைய வைத்திருந்த இரண்டு கருக்களையும் பிள்ளையில்லாத யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். சொந்த ஊர் எத்தாளையில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு ஜூட்டும் பவுலினாவும் அடிக்கடி கொழும்புக்குப் போய்வந்த பிறகுதான் இந்தப் பையன் பிறந்தான். போதாதா?

"குடுத்தாக் குடுத்ததுதான். ஆருட மடியில வளருதோ அவங்கட பிள்ளதான் அது," என்றாள் யூஜினி.

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? பையன் வயிறாறச் சாப்பிடுகிறானா என்ற கவலை அவனைப் பிடித்து ஆட்டியது. கரைக்கு வந்ததும் நல்ல இறாலாகப் பொறுக்கிப் பவுலினாவிடம் கொடுத்தான். ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? கில்பட்டுக்கும் பவுலினாவுக்கும் தொடுப்பு என்று கரை முழுக்கக் கதை பரவியது.

பயந்துபோய், நேரே கொடுப்பதை விட்டுவிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து வேலிக்கு மேலால் வைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். கதை இன்னும் முற்றியது. ஒருநாள் வேலிக் கம்பியில் சேர்ட் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ஜூட் நின்றான், கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"என்ட பொஞ்சாதிக்கும் உனக்கும் என்னடா கதை?"

இனியும் மறைத்தால் உயிர் மிஞ்சாது. கில்பட் எல்லாவற்றையும் கக்கினான். கக்கி முடித்ததும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லே இறங்கிப் போனது.

ஜூட் நம்பவில்லை. "என்ட பிள்ள எனக்குப் பிறந்தவன்டா. நீ சொல்றது மெய்யெண்டா ஆஸ்பத்திரிக்கு இப்பவே போனப் போடு, நானும் கேக்க."

சத்தம் கேட்டு யூஜினியும் ஓடி வந்தாள். கில்பட் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, தன் பேரைச் சொல்லி, தாங்கள் கொடுத்த பிள்ளைகள் எத்தாளைக்கா வந்தார்கள் என்று கேட்டான். தாதி கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு ஜூட்டின் கத்தி தானாகக் கீழே இறங்கியது. கில்பட் வேலியடியில் குந்தியிருந்து அழுதழுது சிரித்தான்.

"ஐயா, நீங்க தந்த ரெண்டும் இன்னும் எங்கட்டத்தான் இருக்கு. நாளைக்குத்தான் முதல்முதலா ஒரு அம்மாக்கு வைக்கப் போறம்."