சனிக்கிழமை மேடம்

யாருக்கு எந்த வேலை தெரியாதோ, அவரைத் தேடிப் பிடித்து அந்த வேலையைக் கொடுப்பதற்கென்றே ஒருவர் பிறவி எடுத்தார் என்றால், அது எங்கள் சனிக்கிழமை மேடம்தான். மதுரை ஜில்லாவில் அப்படி இன்னொருவர் கிடையாது. இருந்திருந்தால் ஜில்லா தாங்கியிருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில், காளவாசல் பக்கம் ஒரு பைக் ஷோரூமில் எனக்குப் பில் போடும் வேலை. அங்கே சர்வீஸ் மேனேஜராக வந்து சேர்ந்தார் மேடம். நாற்பது வயது, ஒல்லி, கஞ்சி போட்ட காட்டன் சேலை. வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். கோபம் வந்தால் அந்த மொழியில்தான் திட்டுவார். அர்த்தம் புரியாததால் எங்களில் யாருக்கும் வலித்ததில்லை.

வந்த வாரமே சட்டம் போட்டார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மெக்கானிக்குகள் ஆபீஸ் வேலை பார்க்க வேண்டும்; ஆபீஸ்காரர்கள் வண்டியைக் கழற்ற வேண்டும். அன்றைக்கே அவருக்கு 'சனி' என்று பேர் வைத்துவிட்டோம். கிழமையும் மேடமும் பிற்பாடு மரியாதை வந்தபோது சேர்த்துக்கொண்டவை.

முதல் சனிக்கிழமை, ஹெட் மெக்கானிக் பாண்டியண்ணன் ரிசப்ஷனில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

"யாருய்யா அது? வண்டி இழுக்கலையா? ஆயில் எப்ப மாத்துன? ஞாபகம் இல்லையா? அப்ப வண்டிக்கு மட்டும் இழுக்கணும்னு எப்படிய்யா ஞாபகம் இருக்கும்?"

டொக்கென்று வைத்துவிட்டார். நாங்கள் மேடத்தைப் பார்த்தோம்.

"விஷயம் சரியாத்தான் சொன்னீங்கண்ணே. அடுத்த வாரம் முன்னாடி ஒரு வணக்கம் மட்டும் சேத்துக்கங்க."

அடுத்த வாரம் அண்ணன் சேர்த்துக்கொண்டார். "வணக்கம். யாருய்யா அது?"

எனக்கு வாய்த்தது கார்புரேட்டர். கழற்றி, துடைத்து, மாட்டி முடித்தபோது ஸ்க்ரூ இரண்டு மிச்சம்.

"ஆனா வண்டி ஓடுது மேடம்" என்றேன் பெருமையாக.

"ரெண்டு ஸ்க்ரூ இல்லாமயே ஓடுதா? கம்பெனிக்கு லெட்டர் எழுதிருவோம். அதுக்கு முன்னாடி ஒருக்கா திரும்பக் கழட்டுங்க கணேசன்."

நாலு தடவை கழற்றினேன். நாலாவது தடவை எதுவும் மிச்சமில்லை, என் சட்டையில் இருந்த வெள்ளை உட்பட. ரிசப்ஷன் மீனாவோ ஆறே மாதத்தில், ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தே வண்டிக்கு என்ன சீக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார்: "பில் போடுறவன் கையில ஸ்பேனரு, ஸ்பேனர் பிடிக்கிறவன் கையில போனு. இது ஷோரூமா, சர்க்கஸாம்மா? இந்த மாசத்தோட நிறுத்துங்க. இல்லாட்டி நீங்க நின்னுக்கங்க."

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு, இலவச சர்வீஸ் கேம்ப். முந்தின நாள் டி. கல்லுப்பட்டியில் பாண்டியண்ணன் மகள் கல்யாணம். மெக்கானிக்குகள் எல்லோரும் அங்கேதான். கேம்ப் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.

"மேடம், பந்தியில என்னமோ ஒத்துக்கல. அம்புட்டுப் பேரும் படுத்துட்டாய்ங்க. நான் மட்டுந்தான் நிக்கிறேன். என்னாலயும் ரொம்ப நேரம் நிக்க முடியல, வச்சிர்றேன்."

வாசலில் அதற்குள் முப்பது வண்டி வந்துவிட்டது. "கேம்பை ரத்து பண்ணிருவோம்" என்றார் முதலாளி.

"எதுக்கு சார்? ஆள் இருக்காங்கள்ல" என்று மேடம் எங்களைக் காட்டினார்.

நான், மீனா, ஸ்டோர் கீப்பர், டிரைவர். முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்களும் எங்களைப் பார்த்துக்கொண்டோம்.

மேடம் ஸ்டூலைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. பதினோரு மணிவாக்கில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நீங்களும் ஒரு வண்டிய எடுத்தா சீக்கிரம் முடியும்ல மேடம்?"

"நான் எடுத்தா எல்லாரும் என் கையைப் பாப்பீங்க. வண்டியப் பாருங்க."

மத்தியானம் ஒரு பால்காரரின் வண்டி கிளம்பவே மாட்டேன் என்றது. உதைத்து உதைத்து என் கால்தான் சூடானது. மீனா வந்தாள். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஆயில் குடிக்குதுண்ணே. புது பிளக்கு போட்டா இப்பைக்கு ஓடும். அடுத்த வாரம் கொண்டாந்தா இன்ஜினப் பிரிச்சுப் பாத்துருவோம்." ஓடியது.

பால்காரர் நேரே முதலாளியிடம் போனார். "இந்தப் புள்ளைய எங்க பிடிச்சீங்க?"

"நம்ம டிரெயினிங்" என்றார் முதலாளி, கூசாமல்.

ஒரே ஒரு வண்டிதான் திரும்பி வந்தது. அது நான் பார்த்தது. வயரை எங்கேயோ மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பிரேக் பிடித்தால் ஹாரன் அடித்தது. சரி செய்யப் போனால் வண்டிக்காரர் விடவில்லை. "இருக்கட்டும்ணே. காளவாசல் நெரிசலுக்கு இதுதான் தோது."

பொழுது சாயக் கடைசி வண்டியும் போனது. முதலாளி கார் ஏறும்போது, யாரையும் பார்க்காமல், "சனிக்கிழமை நடக்கட்டும்மா" என்றார்.

நான் மேடத்துக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். காலையிலிருந்து ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பிட்டதாகவும் தெரியவில்லை. டம்ளரை வாங்கக் கையை விரித்தார். உள்ளங்கை இரண்டிலும் நகம் பதிந்த தடம் வரிசையாகச் சிவந்திருந்தது. அத்தனை நேரமும் முந்தானைக்குள் கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன கணேசன்?" என்றார்.

"சர்க்கரை பத்துமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அப்படியேதான் நின்றேன்.