சுவரில் முளைத்த தீவுகள்

அறைக் கதவைத் திறந்ததுமே படகுத்துறை டிக்கெட்காரருக்கு மூக்கு அரித்தது. மூலைச் சுவரில் பூஞ்சை இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.

மாசக் கடைசியில் அவருடைய அக்கா வருகிறாள். அவளுக்கு மூச்சிரைப்பு. பூஞ்சை வாடை பட்டால் போதும், இழுக்க ஆரம்பித்துவிடும். போன வருஷமும் அதனால்தான் லாட்ஜில் தங்கவைத்தார். "தம்பி வீடு இருக்கு, தலை சாய்க்கத்தான் இடமில்ல" என்று அவள் சொன்னது இன்னும் தைத்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் சுவரைப் பார்த்தால் மனுஷனுக்கு வந்த வேலை மறந்துவிடும். கட்டிலில் சாய்ந்தார். சாம்பலும் பச்சையுமாகத் தீவுகள் மிதந்தன. நடுவில் டிக்கெட் கேட்க ஆளில்லாத ஒரு படகு அசைந்து அசைந்து போயிற்று. அவரும் ஏறிக்கொண்டார்.

"தூங்கறீங்களா?" மனைவி வாசலில் நின்றாள்.

"யோசிக்கிறேன்."

"குறட்டை விட்டா? காய்ஞ்ச துடைப்பத்தால நாலு தட்டு தட்டுங்க, உதிர்ந்துடும்."

தட்டினார். உதிர்ந்தது. மாவு சலித்ததுபோல அறை முழுக்கப் பறந்தது. நாலைந்து நாளில் எதிர்ச்சுவரிலும் குட்டித் தீவுகள் முளைத்தன.

"வெந்நீர் ஊத்திக் கழுவிடுங்க" என்றாள் அவள், ஆவி பறக்கும் வாளியோடு.

கழுவினார். சுவர் பஞ்சுபோலக் குடித்தது. ஜன்னலைத் திறக்கப் போனவரைத் தடுத்தாள். "தூறல் அடிக்குதுங்க. நனைஞ்ச சுவரை இன்னும் நனைக்கணுமா?"

பேச்சில் நியாயம் இருந்தது. சாத்திவிட்டார். அடைத்த அறையில் தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கண்டமாயின.

பெயின்ட் கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "முதல்ல காத்தாட விடுங்க சார். ஈரத்து மேல பெயின்ட் அடிச்சா நிக்காது."

"அவர் சொல்ற மாதிரி காயட்டும்னு காத்துட்டிருந்தா மாசக் கடைசியே வந்துடும்" என்றாள் மனைவி. பிரஷ்ஷை அவளே எடுத்துக் கொடுத்தாள். இவ்வளவு ஒத்தாசையான பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெளிர்நீலம் அடித்தார். ஒரு நாள் முழுக்க அறை கடலாக இருந்தது. அவர் படுத்தபடியே கரை காணாமல் போய்வந்தார். மறுநாள் கடல் கொப்புளித்தது. அதற்கடுத்த நாள் அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. உள்ளிருந்து பூஞ்சை, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி, தெளிவாக எட்டிப் பார்த்தது.

மாசக் கடைசியும் வந்துவிட்டது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாடிப்படியின் அடியில் இஸ்திரிக் கடை. அதன் பக்கத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

"இந்தத் தடவையும் சுவர் சரியாகலக்கா."

"அப்ப நான் வரலடா. லாட்ஜும் வேணாம். அந்த வீட்டுல எனக்குக் குடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

படியேறி வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். கண் கலங்கியது. மனைவி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். "நீங்களும் எவ்வளவுதான் போராடுவீங்க? சுவர் கேக்கலைன்னா நாம என்ன செய்ய?"

இருவரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே தூறல் நின்றிருந்தது. உரிந்த நீலத்தின் நடுவே ஒரு புதுத் தீவு மெல்ல விரிவதுபோல அவருக்குத் தோன்றியது.

கதவு தட்டும் சத்தம். இஸ்திரிக்காரர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அம்மா, என்னோட தண்ணி தெளிக்கிற பாட்டிலைக் குடுத்துடுங்க, துணி காய்ஞ்சு கிடக்கு, அதான் சாரோட அக்கா வரலையாமே, இனிமே சுவத்துக்குத் தெளிக்க வேண்டாமில்ல?"