மாமனார் மடியில் ஒரு டம்ளர் தண்ணீர்

எதையும் செய்து காட்டியே தீரவேண்டும் என்று கை பரபரக்கும் ஆளுக்கு மாமனார் வீடு ஏற்ற இடமல்ல. கல்யாணமான புதிதில் சூலூருக்கு விருந்துக்குப் போனபோது எனக்கு இது தெரியாது.

மாமனாருக்குச் சொந்தமாக விசைத்தறி. அவருக்கு என் மேல் ஒரு குறை இருந்தது. "மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும், துணி தெரியாதுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தார். அன்றே அதை மாற்றிக் காட்டிவிடுவதென்று இருந்தேன்.

வசமாக வந்து சேர்ந்தது மச்சான் மகள் தன்யாவின் வீட்டுப்பாடம். எந்தத் துணியில் தண்ணீர் ஒட்டும், எதில் ஒட்டாது என்று செய்து பார்க்கவேண்டுமாம். (நான் பி.எஸ்ஸி. வேதியியல். விடுவேனா?) தறிக் கொட்டகையிலிருந்து துணி கிழித்து வந்து, ஒரு துண்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். இன்னொன்றைச் சும்மா விட்டேன்.

மாமனார் சிங்காநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பி, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மெழுகில்லாத துணியை நாலாக மடித்து அவர் மடிக்கு மேலே பிடித்தேன்.

"சுத்தமான பருத்தி, மாமா. அத்தனையும் உறிஞ்சிரும், ஒரு சொட்டு கீழே விழாது."

ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டுகூடத் துணியில் தங்கவில்லை. முத்து முத்தாக உருண்டு டம்ளர் தண்ணீர் முழுவதும் வேட்டியில் இறங்கியது.

"ஏனுங்க மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு நான் இப்படியே போயிரட்டுங்களா?" என்றார் மாமனார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

சிரிப்புச் சத்தம் கேட்டு என் மனைவி சுமதி வந்தாள். துணியைத் தொட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "இது காடாத் துணிங்க. தறியிலிருந்து எறக்குனது அப்படியே இருக்குது. பஞ்சுலயே மெழுகாட்டம் ஒண்ணு இருக்கும். வேக வெச்சு வெளுத்தாத்தான் தண்ணி குடிக்கும்."

சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு துண்டை வேகவைத்து, அலசிக் காயவைத்தாள். பிறகு சொட்டு விட்டால், விட்ட இடத்திலேயே மறைந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நான் மூன்று வருடம் படித்ததை அவள் தறிக் கொட்டகையில் விளையாடிக்கொண்டே கற்றிருக்கிறாள்!

அதோடு விடவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு வரவேற்புக்குப் போய்த் திரும்பிய அப்பாவிடம், "அவரு அப்படிச் செய்யாட்டி தன்யாவுக்கு ரெண்டு துணிதானுங்கப்பா. இப்ப மெழுகு தேச்சது, காடா, வேக வெச்சதுன்னு மூணாச்சு" என்றாள். என் தோல்வியைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டாள். அந்த நிமிடம் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இன்றும் சூலூரில் என் கையில் தண்ணீர் டம்ளர் வந்ததும் மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவார். "நீங்க குடிங்க மாப்பிள்ளை, நான் தூரத்துல இருந்துக்கறேன்" என்பார். வீடே சிரிக்கும். என் பக்கத்தில் காலியான அந்த நாற்காலியில், பட்டுப்புடவை கட்டியிருந்தாலும், சுமதி வந்து உட்கார்ந்துகொள்வாள்.