பிளக் செருகாத டில்லர்

செம்பவாங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்துக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே, கட்டடம் கட்ட மறந்துபோன ஒரு துண்டு நிலம் கிடந்தது. சிங்கப்பூரில் நிலத்தை மறப்பது அபூர்வம். ஆகவே ஞாபகம் வந்தவுடன் அதற்கு வேலி போட்டார்கள். வேலி போட்டபின் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைத்தார்கள். குழு அமைந்தபின், குழுவுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று, நிலத்தைத் தோட்டமாக அறிவித்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பாத்திக்காக உர்சுலா வருடக்கணக்கில் காத்திருந்தாள். முன்பெல்லாம் பத்தாவது மாடி நடைபாதையில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தவள்தான். நடைபாதையில் தொட்டி வைத்தால் தீ விபத்தின்போது ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதைப் படித்த அன்றைக்கே உள்ளே எடுத்துவிட்டாள். வாகனமே வராத சாலையிலும் சிக்னலில் பச்சை மனிதன் தெரியும்வரை நிற்கிற ஜாதி அவள். அதன்பின் அவளுடைய வெண்டை நாற்றுகள் ஐஸ்கிரீம் டப்பாக்களில், துணி துவைக்கும் மிஷின்மேல் குடித்தனம் நடத்தின. துணி போட வேண்டுமென்றால் அவள் கணவன் மரியஅந்தோணி முதலில் தோட்டத்தை இறக்கி வைக்க வேண்டும்.

கடைசியில் குலுக்கலில் அவள் பெயர் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மேலிடத்து அதிகாரி பார்வையிட வரும் நாளுக்குள் மண்ணைப் பண்படுத்தி நடவு செய்யாத பாத்தி, காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் பன்னிரண்டாவது மாடி மோகனப்பிரியா.

"அக்கா, மண்ணு எப்படி இருக்கு?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை, அவர் வீட்டின்மேல் கண் வைத்திருப்பவர்கள் விசாரிப்பார்களே, அந்தக் குரலில்.

மண் எப்படி இருக்கும்? சிமெண்டு காய்ந்த மாதிரி இருந்தது. உர்சுலா கொண்டுபோன சிறு கரண்டி முதல் குத்திலேயே வளைந்து, கேள்விக்குறியாகத் திரும்பி வந்தது. அவள் நேராகத் தோட்டக் குழுத் தலைவர் சுந்தரேசனிடம் போனாள். சுந்தரேசன் ஓய்வு பெறும்வரை ஒரு கிடங்கில் பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஓய்வு பெற்றபின்னும் பலகைகள் அவரை விடவில்லை.

"அங்கிள், ஸ்டோர்ல மண்வெட்டி இருக்குமே, ஒண்ணு தர்றீங்களா?"

"மண்வெட்டியா?" சுந்தரேசன் சுற்றும் முற்றும் பார்த்தார். "அதெல்லாம் எடுத்தாச்சும்மா. கூர்மை. கால்ல பட்டா யாரு பதில் சொல்றது? மண்ணைக் கிளற நமக்குத்தான் இப்ப எலெக்ட்ரிக் டில்லர் வந்தாச்சே."

வந்துதான் இருந்தது. ஆரஞ்சு நிறம், இரண்டு கைப்பிடி, அடியில் வட்டமாக வளைந்த கத்திகள். ஸ்டோர் ரூமில் அதைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாய் நாடா கட்டியிருந்தது. கோயில் திருவிழாவில் தேரைக் கட்டி நிறுத்தியது போல இருந்தது. அதன்மேல் ஓர் அட்டை: 'இக்கருவியை எவரும் பாதுகாப்பின்றி நோக்க வேண்டாம்.'

"அப்ப இதையே குடுங்க அங்கிள்."

"குடுக்கலாம். ஆனா பாதுகாப்பா உபயோகிக்கணும். மூடின ஷூ போட்டிருக்கியா?"

அவள் போட்டிருந்தாள்.

"கண்ணாடி?"

பவர் கண்ணாடி போட்டிருந்தாள். அது செல்லாது, பார்ப்பதற்கானது, பாதுகாப்பதற்கானது அல்ல என்றார். துப்பட்டா கத்தியில் சுற்றும், கழற்றச் சொன்னார். அதிலெல்லாம் நியாயம் இருந்தது. உர்சுலா எல்லாவற்றுக்கும் தலையாட்டி, மறுநாள் கையுறை, கண்ணாடி, காதுமூடி எல்லாம் வாங்கி வந்தாள். சுந்தரேசன் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கேம்மா. ராத்திரி மழை. கரண்டு மிஷினை ஈர மண்ணுல ஓட்டக் கூடாது."

இரண்டு நாள் வெயில் அடித்தது. உர்சுலா ஓடி வந்தாள். சுந்தரேசன் மறுபடி தொட்டார்.

"காஞ்சிருக்கே."

"அதானே அங்கிள் வேணும்?"

"காஞ்ச மண்ணைக் கிளறினா தூசி பறக்கும். மேல துணி காயப் போட்டிருக்காங்க. தண்ணி தெளிச்சிட்டுத்தான் ஓட்டணும்."

"தெளிச்சா ஈரமாயிடுமே?"

"ஈரமானா ஓட்டக் கூடாது," என்று சுந்தரேசன் பொறுமையாக விளக்கினார். "அதைத்தானே முதல்லயே சொன்னேன்?"

வீட்டுக்கு வந்து உர்சுலா இதைச் சொன்னபோது மரியஅந்தோணி சிரித்துச் சிரித்துப் புரையேறினான். தூத்துக்குடியிலிருந்து வந்து கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் சூப்பர்வைசராக இருப்பவன்.

"நாங்க கப்பலையே அறுக்குறோம் உர்சு. நீ ஒரு பாத்தியக் கிண்ட முடியல. காலையில அஞ்சு மணிக்குப் போயி நானே கம்பியால குத்தி விட்டுட்டு வரட்டா?"

"அனுமதி இல்லாமலா?" என்றாள் உர்சுலா. தேவாலய உண்டியலை உடைக்கலாமா என்று அவன் கேட்டதுபோல் அவள் முகம் மாறிப்போயிற்று. "சும்மா இருங்க. பாத்தியைப் பிடுங்கிடுவாங்க." துணி மிஷின்மேல் ஒரு வெண்டை, ஐஸ்கிரீம் டப்பாவிலேயே மொட்டு விட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடைப்பட்ட மண்ணின் நிலையைக் கண்டறியும் பொருட்டு ஒரு துணைக்குழு நியமிக்கப்பட்டது. அது கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, மண்ணைப் பற்றி முடிவெடுக்கும் முன் மனிதர்களுக்குப் பயிற்சி தேவை என்று முடிவெடுத்தது. பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கும் நேரத்தில். உர்சுலா கடவுளிடம் முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

வகுப்பு பல்நோக்கு மண்டபத்தில் நடந்தது. குளிர்சாதனத்தில் பல் கிட்டியது. இப்போதெல்லாம் தோட்டம் போடுவது பெரிய நாகரிகமாகிவிட்டதால் நல்ல கூட்டம். மோகனப்பிரியா இலை வரைந்த டி-சர்ட்டும் அதற்கேற்ற தொப்பியும் அணிந்து, சும்மா நிற்கும் டில்லருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். 'மண்ணோடு நான்' என்று அதை முகநூலில் போட்டாள். மண்டபத்தில் மண் கிடையாது. தரை அழுக்காகும் என்று யோகா பாய் விரித்திருந்தார்கள்.

சுந்தரேசன்தான் பயிற்சியாளர்.

"முதல்ல கல்லு, வேரு, கம்பி எல்லாம் பொறுக்கணும்."

எல்லோரும் குனிந்து யோகா பாயில் கல் பொறுக்கினார்கள்.

"வயரு எப்பவும் முதுகுப் பக்கம். தோள் மேல போட்டுக்கங்க. கத்தி முன்னாடி, வயரு பின்னாடி. ஓடக் கூடாது, நடக்கணும். கத்தியில வேர் சிக்கினா என்ன செய்யணும்?"

"கையால எடுக்கணும்," என்றாள் மோகனப்பிரியா.

"கை போயிடும்! முதல்ல பிளக்கை எடுக்கணும். எல்லாத்துக்கும் மேல பிளக்கை எடுக்கறதுதான் பாதுகாப்பு. இப்ப இந்த மிஷினைப் பாருங்க. இது ஏன் இவ்வளவு பாதுகாப்பா இருக்கு?"

"பிளக் போடல," என்றது வகுப்பு ஒருமித்த குரலில்.

"அதான்!"

ஒவ்வொருவராகப் பிளக் செருகாத டில்லரை யோகா பாயின் மேல் தள்ளிக்காட்டித் தேர்ச்சி பெற்றார்கள். உர்சுலாவுக்குத்தான் முதலிடம். அவள் ஒருத்திதான் முடித்தபின்னும் பிளக் எடுத்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தாள். சான்றிதழ் கொடுக்கும்போது சுந்தரேசனின் கண் கலங்கியது.

மறுநாள் மேலிடத்து அதிகாரி வருகிறார். அன்று அதிகாலையிலேயே உர்சுலா சான்றிதழோடு ஸ்டோர் வாசலில் நின்றாள்.

"அங்கிள், மண்ணு ஈரமும் இல்ல, காயவும் இல்ல. பாருங்க. பிளக் எங்க செருகறது?"

சுந்தரேசன் அவளைக் கவலையோடு பார்த்தார். "பிளக்கா? உன் சான்றிதழைச் சரியாப் படிச்சியா? நீ தேறினது பிளக் போடாத நிலையில. லெவல் ஒண்ணு. பிளக் போடறது லெவல் ரெண்டும்மா."

"லெவல் ரெண்டு எப்ப நடத்துவீங்க?"

"அதை நடத்துறவர் லெவல் ரெண்டு முடிச்சிருக்கணும். யாரும் முடிக்கல. வகுப்பு இன்னும் நடக்கலையே."

பின்னால் ஒரு செருமல். மோகனப்பிரியா கையில் நாலு தக்காளி நாற்றோடு நின்றாள். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா. மெதுவாப் பேசுங்க. அவசரமே இல்ல."

அந்த நாற்றுகளைப் பார்த்ததும் உர்சுலாவுக்குள் என்னவோ நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை விதியைக் கடைப்பிடித்தே பழகியவள். அதன் இண்டு இடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அங்கிள், லெவல் ஒண்ணு வச்சிருக்கவங்க பிளக் போடாம மிஷினைத் தோட்டத்துல ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாம்."

"அப்ப ஒரு கயிறு குடுங்க."

கயிற்றைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. கத்திகள் மண்ணுக்குள் இறங்க, கைப்பிடியின்மேல் சுந்தரேசன் தம் முழு எடையோடு சாய்ந்துகொண்டார். முன்னால் கயிறு கட்டி உர்சுலா இழுத்தாள். மிஷின் அசையவில்லை. சான்றிதழ் பெற்றவர்கள் எல்லாரையும் தொலைபேசியில் அழைத்தார்கள். தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, கையுறை சகிதம் ஐந்தாறு பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். இழுக்காவிட்டால் சான்றிதழ் ரத்தாகும் என்றதும் மோகனப்பிரியாவும் நாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். உதவிக்கு வந்த மரியஅந்தோணி, சான்றிதழ் இல்லாததால், பாத்தியைச் சுற்றிக் கட்டிய நாடாவுக்கு அப்பால் நிறுத்தப்பட்டான். பிளக் செருகப்படவில்லை என்பது அனைவருக்கும் தெரியும்படி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பது அவன் பொறுப்பு.

"ஊர்ல எங்க தாத்தா மாடு வச்சிருந்தாரு," என்றான் அவன். "அதுங்க ஹெல்மெட் போடல."

"பிளக்கைத் தாழ்த்தாதீங்க!" என்று கத்தினார் சுந்தரேசன்.

காதுமூடிக்குள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு மண் பிளந்தது. ஓர் உழவுச் சால், இரண்டு சால். சூரியன் ஏறுவதற்குள் பாத்தி பொலபொலவென்று கிடந்தது. உர்சுலா வீட்டில் துணி மிஷின்மேல் வளர்ந்த வெண்டைகளை இறக்கி வந்து நட்டாள். அழகுக்காகக் கடைசியாக ஒரு சால் இழுத்துக்கொண்டிருந்தபோது அதிகாரி டானியலா வந்துவிட்டாள். சின்னப் பெண், கையில் பெரிய டேப்லெட்.

"என்ன இது?"

"எலெக்ட்ரிக் டில்லர் மேடம்," என்றார் சுந்தரேசன், மூச்சு வாங்க.

"எலெக்ட்ரிக்கா? இழுக்குறீங்களே?"

"எலெக்ட்ரிக்தான். கரண்டு மட்டும் இல்ல."

டானியலா கயிற்றையும், தூக்கிப் பிடித்திருந்த பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன.

"சத்தம் இல்ல. மின்சாரம் இல்ல. எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து செய்றீங்க. உடற்பயிற்சியும் ஆச்சு. இதை ஏன் இவ்வளவு நாளா யாரும் யோசிக்கல?"

பாத்தி தேறியது. அதோடு நிற்கவில்லை. டில்லர் இழுப்பது பரவிவிட்டது. தஞ்சோங் பகார் அலுவலகங்களிலிருந்து, நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவர்கள், இறுக்கமான உடை அணிந்து சனிக்கிழமைகளில் வந்தார்கள். காத்தோங்கில் ஒருவர் இதையே மன அமைதிக்கான வகுப்பாக நடத்தினார். இழுப்பதற்குக் குலுக்கல் வந்தது. உர்சுலா தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டாள். வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் பாத்தி உரிமை ஆண்டுதோறும் குழுவின் திருப்தியின்பேரில் புதுப்பிக்கப்படும் என்றார் சுந்தரேசன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சில மாதங்களில் மேலிடம் ஓர் ஆய்வு நடத்தியது. டில்லர் இழுப்பதில் உள்ள ஒரே ஆபத்து டில்லர்தான் என்று அது கண்டறிந்தது. கனம், கத்தி வேறு. ஆகவே அது அகற்றப்பட்டது. கயிறு மட்டும் நீடித்தது. வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. இழுப்பது எளிதானதால் கூடியது.

அந்தச் சனிக்கிழமை எதிர் புளோக்கு ஆமினா பீவி முதன்முறையாக வந்தார். காதுமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு கயிற்றைக் கையில் வாங்கியவர், அதன் மறுமுனையைத் தேடிப் பார்த்தார். அது புல்லில் சும்மா கிடந்தது.

"ஏம்மா உர்சுலா, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே? நான் எதை இழுக்குறேன்?"

சுந்தரேசன் உர்சுலாவைப் பார்த்தார். அது பாத்தி புதுப்பிக்கும் மாதம். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வெண்டைகள் ஆளுயரம் நின்றன. அவற்றின் ஓரத்தில் மோகனப்பிரியா, ஓர் அளவு நாடாவால் பாத்தியின் அகலத்தை அளப்பதுபோலும் அளக்காததுபோலும் நின்றாள்.

"அதான்க்கா பாதுகாப்பு," என்றாள் உர்சுலா, மெல்லிய குரலில். "முதுகை நேரா வச்சு இழுங்க. ஓடாதீங்க, நடங்க."

"யோசிக்காம இழுங்கக்கா," என்றார் பின்னால் நின்றவர். "ஆளு நிக்குது லா."

ஆமினா பீவி இழுத்தார். நாலடி நடந்து நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தம்மையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் கனமாத்தான் இருக்கு," என்றார்.

எல்லோரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.