விபூதிப் பொட்டலத்தில் போன கடைசிக் கதவு

அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒரு கருத்து நிலவுகிறது. மறுப்பதற்கில்லை. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று பரிந்து பேசவும் வழியில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மீசை வேறு வைத்திருந்தேன். (அந்த மீசையைப் பார்த்துத்தான் பொறுப்பான ஆள் என்று நம்பி வேலை கொடுத்திருப்பார்கள், பாவம்.)

எல்லாம் ஒரு வீடியோ கேமால் வந்தது. அதற்கு இங்கிலீஷில் ஏதோ நீளமான பெயர். நாங்கள் ‘விளக்குக்காரன்’ என்போம். கையில் ராந்தல், தோளில் கயிறு, பாழடைந்த அரண்மனைக்குள் பூதங்களை அடித்துக்கொண்டே போவான். பள்ளிக்கூட நாட்களில் டிவி கேம் கடை ஒன்றில் முதல் இரண்டு பாகத்தையும் முடித்திருந்தேன். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அவன் ஒரு கிணற்றில் விழுவான். ‘தொடரும்’ என்று போட்டார்கள். அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. கம்பெனிக்காரனே அவனை மறந்துவிட்டான். கார் ரேஸ், குத்துச்சண்டை என்று என்னென்னவோ வந்து, விளக்குக்காரன் என்றால் “யாரு மாமே அது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. ஒரு மனுஷனைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு எப்படி மறப்பது?

அந்தச் சமயத்தில்தான் சிநேகிதன் செல்வத்தின் அத்தான் துபாயிலிருந்து ஒரு புது கேம் பெட்டி கொண்டுவந்தார். கூட வந்த கேசட்டில் ராந்தல் படம். மூன்றாம் பாகம்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்கு அத்தான் வேலூர் போறாரு மச்சான். பொட்டியும் போய்டும். அதுக்குள்ள ஆடிக்கோ” என்றான் செல்வம். கையில் நான்கே நாள். தலைகீழாக நின்றாவது அவனை மேலே ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். பெட்டியை எங்கள் வீட்டு டிவியில் மாட்டிவிட்டு, எஸ்டேட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லியனுப்பினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டுமென்றால், திரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்று காட்டுவான். கட்டத்துக்கு ஒன்றாகக் கண், மீன், நெருப்பு, சூலம், நட்சத்திரம் என்று குறிகள். அதை எழுதிவைத்து, மறுபடி அப்படியே போட வேண்டும். ஒரு குறி தப்பினாலும் உள்ளே விடமாட்டான். சனிக்கிழமை மத்தியானம் நான் கிணற்றடியிலிருந்த கடைசிக் கதவுக்கு வந்தபோது, மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீடு ஒழிக்க வேண்டும் என்று அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். அவசரத்தில் கையில் அகப்பட்டது அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாள். அதன் பின்பக்கம் கட்டத்தைச் சிவப்பு மையில் வரைந்து (வேறு பேனா கிடைக்கவில்லை) டிவிக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் நூம்பலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கர், அவர் அப்பா, அப்பாவின் தங்கை ராஜம்மா அத்தை. மாப்பிள்ளையின் அப்பா வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் எல்லா முடிவும் அத்தையுடையது என்று உடனே தெரிந்தது. கேசரி சாப்பிட்டு, “ஊட்ல கலந்து பேசிகினு சொல்லி அனுப்பறோம்” என்று கிளம்பினார்கள். அவர்கள் தெரு திரும்புவதற்குள் அக்கா என்னிடம், “அவரு சிரிச்சாராடா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அக்கா இதற்குமுன் யாரைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை.

நான் டிவிக்கு அடியில் கையை விட்டேன். தாள் இல்லை.

“அதுவா? அந்த அம்மாக்கு கோயில் துன்னூறு மடிச்சிக் குடுத்தேனே” என்றாள் அம்மா.

அறிவுள்ளவன் என்றால் அங்கேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் சைக்கிளை எடுத்தேன். கொரட்டூரிலிருந்து நூம்பலுக்கு, பங்குனி வெயிலில், வயிறு நிறைய கேசரியோடு. வானகரம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் என் தாள் விரிந்து கிடந்தது. அதன்மேல் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம், ஒரு இரும்புச் சாவி, சுற்றிலும் வேப்பிலை. நாலடி தள்ளி மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

“இன்னாத்துக்கு வந்தே?” என்றார் அத்தை.

“அந்த பேப்பர் வோணும் அத்தை. துன்னூற நீங்களே வெச்சிக்கோங்க.”

அத்தை நெஞ்சில் கை வைத்தார். “பாத்தியாண்ணா? செய்வினை புடிச்சிச்சான்னு பாக்க ஆள் வந்துகீது!”

“ஐயோ, செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கதவத் தொறக்குற கட்டம்.”

“எந்தக் கதவு?”

“கெணத்துல கீற கதவு.”

“கெணத்துக்குள்ள யாருடா கீறா?”

“ஒருத்தன் அஞ்சு வருசமா மாட்டிக்கினு கீறான் அத்தை. இன்னிக்கி ஆறு மணிக்குள்ள எடுக்கலன்னா அவ்ளோதான்.”

மாப்பிள்ளையின் அப்பா சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் போய், தங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

பாஸ்கருக்கு மட்டும் லேசாகப் புரிந்தது. “வீடியோ கேமா?” என்றார். நான் அழாத குறையாகத் தலையாட்டினேன். அத்தை நம்பவில்லை. “வெளாட்டு சாமானுக்கு எவனாவது இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிப்பானா? எங்க, காட்டு பாக்கலாம். பொய்யின்னு தெரிஞ்சிது, இந்த சம்பந்தமே வாணாம்.”

அக்காவின் வாழ்க்கை அந்தக் காலண்டர் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ்கரின் ஸ்கூட்டரில், தாளை விபூதியோடு சொம்புக்குள் போட்டு வேப்பிலையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால் போக, நான் பின்னால் மிதித்தேன்.

கொரட்டூர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. சொம்போடு இறங்கிய அத்தையைப் பார்த்ததும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கதையைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. பெட்டியைப் போட்டு, குறிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கதவு திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் எலுமிச்சம்பழத்துக் குங்குமம் ஒட்டிக் குறி அழிந்திருந்தது, நான் உத்தேசமாக வைத்தது தப்பு.

“மூணாவது வரிசை, நடுவுல. மீனு” என்றது ஒரு குரல். அத்தைதான். “ரெண்டு மணி நேரமா பாத்து பாத்து பயந்துகினு கெடந்தேன். மறக்குமா?”

மீனை வைத்தேன். கதவு திறந்தது. உள்ளே இருட்டில், ராந்தலோடு அவன் நின்றிருந்தான்.

அத்தை திரைக்குக் கிட்டே குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு, “ஐயே, சின்னப் புள்ள” என்றார். அதே பொட்டலத்து விபூதியைத் தொட்டு டிவி கண்ணாடியில் ஒரு கீற்று இழுத்துவிட்டு, “ஏத்துடா அவன” என்றார்.

ஏற்றினேன். விழுந்தான். மறுபடி ஏற்றினேன். சமையலறை ஓரமாகத் தலைகுனிந்து நின்ற அக்கா, மூன்றாவது தடவை விழுந்ததும் பொறுக்க முடியாமல், “எடது பக்கம் குதிடா எரும!” என்று கத்தினாள். பாஸ்கர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். (அவர் சிரித்தாரா என்ற கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது.) ஆறு மணிக்குச் செல்வத்தின் அத்தான் பெட்டிக்கு வந்தார். “உக்காருப்பா, புள்ள மேல வரட்டும்” என்று அத்தை அவரையும் உட்காரவைத்தார். கடைசி பூதம் ஒழிந்தது. கயிறு கிணற்றின் விளிம்பில் மாட்டியது. ராந்தல் வெளிச்சம் மேலே வந்தது, கை வந்தது, தலை வரப்போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

கால் மணி நேரம் பார்த்துவிட்டு, வேலூர் பஸ் போய்விடும் என்று அத்தான் பெட்டியைக் கட்டினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன், மீசையோடு. அப்போது அத்தை சொன்னார்: “பொண்ண எங்களுக்குப் புடிச்சிகீதும்மா. ஒரு பொம்மைக்கே இவ்ளோ அலையிறான், கூடப் பொறந்தவளுக்கு அலையமாட்டானா?”

கல்யாணம் ஆனதிலிருந்து பாஸ்கர் என்னைக் கூப்பிடுவது ‘கெணத்து மச்சான்’ என்றுதான். அக்கா பிள்ளைகளுக்கு நான் கெணத்து மாமா. எங்கள் இரண்டு வீட்டிலும் விபூதி மடிக்கும் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை.

சென்ற வருஷம் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் விபூதிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தேன். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பொட்டலத்தைப் பிரித்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் எழுதலியா?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “ஏந் தம்பி, அந்தப் புள்ள மேல வந்துட்டானா?”

“கைய வெளிய வெச்சிட்டான் அத்தை. கரண்ட் வந்ததும் வந்துடுவான்” என்றேன்.