குரியாக்கோஸ் சாரின் வலது கை

“இடது கைய வெச்சுச் சொல்லிக் கொடுங்களேன் அச்சாயா. கைன்னா கைதானே?” என்றாள் மனைவி லீலாம்மா.

கேரளத்தின் பாலா நகரத்து நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் வெகுகாலமாக இயற்பியல் நடத்தும் குரியாக்கோஸ் சாருக்கு இதைக் கேட்டு ரத்தம் கொதித்தது. முந்தின நாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு இரண்டு கையும் வீக்கம். ஆஸ்பத்திரியில் வலது கைக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருந்தார்கள்.

“அடியே, மின்சாரம் போற பக்கம் வலது கைக் கட்டைவிரல நீட்டிக் கம்பியப் பிடிக்கணும். மத்த விரல் சுருளுற பக்கம்தான் காந்தப் புலம். இடது கையில பிடிச்சா எல்லாம் தலைகீழ்!”

வீட்டிலிருந்து எடுக்கும் நேரலை வகுப்பு தொடங்கப் போகிறது. “நீங்க ஓய்வெடுங்க சாரே, இனிமே புதுப் பையன் எடுக்கட்டும்” என்று முதலாளி ஜோபிச்சன் அன்பொழுகச் சொல்லியிருந்தார். அந்த ‘இனிமே’யின் அன்பு சாருக்கு நன்றாகவே புரிந்தது.

வேறு வழியில்லை. மாவுக்கட்டு சட்டைக்குள் பதுங்கியது. லீலாம்மா அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, காலியான வலது சட்டைக்கைக்குள் தன் வலது கையை நுழைத்தாள்.

“வளையலக் கழட்டுடி!”

“கழல மாட்டேங்குது. யாராவது கேட்டா, வேண்டுதல்னு சொல்லுங்க.”

அன்றைய கணக்கு: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிகள். இரண்டிலும் ஒரே அளவு மின்சாரம், மேல்நோக்கி. நட்ட நடுவில் காந்தப் புலம் எவ்வளவு? முதல் கம்பியை லீலாம்மாவின் கை லட்சணமாகப் பிடித்தது. இரண்டாவது கம்பி வந்தபோது அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. கை உள்ளே ஓடியது. பதறிய சார் இடது கையால் பிடித்தார்.

ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யமாக வேண்டிய புலங்கள் கைகோத்து இரட்டிப்பாகிவிட்டன.

‘சார், பூஜ்யம்தானே வரணும்?’ என்று திரையில் கேள்விகள் குவிந்தன.

தவறை ஒப்புக்கொள்ளும் கெட்ட பழக்கம் சாருக்கு இல்லை. “ரெண்டாவது கம்பியில மின்சாரம் கீழ்நோக்கிப் போகுதுன்னு வெச்சுக்குங்க!” என்றார்.

‘கீழ்’ என்றது லீலாம்மாவின் காதில் விழுந்தது. கடமை தவறாத அந்தக் கை வெளியே வந்து, கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து, கேமராவுக்கு நேராக ஆட்டிக் காட்டியது.

‘சாரே, உங்க பாடம் உங்களுக்கே பிடிக்கலையா?’ என்றான் ஒருவன்.

அப்போது மேசைமேல் செல்போன் அடித்தது. வளையல் போட்ட கை பழக்கதோஷத்தில் பாய்ந்து ஸ்பீக்கரை அமுக்க, சாரின் முதுகு “ஹலோ, யாரு?” என்று பெண்குரலில் கேட்டது.

“ஆஸ்பத்திரில இருந்து பேசறேங்க. எக்ஸ்ரேய நாங்க திருப்பிப் பிடிச்சுப் பாத்துட்டோம். சாருக்கு ஒடஞ்சது இடது கை!”